மூன்றாம் பெட்டி

இந்த நாட்டில் ஒரு கொம்பியூட்டர் வாங்கினால்
அதன் சாவுச் செலவையும்
வாங்குகிற அன்றைக்கே அழுதுவிட வேண்டும்.
ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.
ஒருவரும் வாசிப்பதில்லை.
அந்தச் சின்ன எழுத்தில்தான்
எனக்குச் சம்பளம்.

பீல் நகரம், தண்டவாளத்துக்கு அப்பால்,
முன்பு மணிக்கூட்டு முள் வெட்டிய கட்டடம்.
கையுறை இல்லாமல் உள்ளே வராதே என்று
கதவில் இரண்டு மொழியில் எழுதியிருக்கிறது.
உள்ளே நாங்கள் ஏழு மொழியில்
திருகாணி கழற்றுகிறோம்.

முதலில் வயிற்றைத் திறக்க வேண்டும்.
தூசி. பூனை மயிர். பாண் துகள்.
ஒருமுறை சீடி போடுகிற தட்டில்
ஒரு பால்பல் இருந்தது.
பிரெஞ்சுக்காரர் வீட்டில் பல்லை
எலிதான் வந்து எடுத்துப்போகுமாம்.
எலி வரவில்லை, நான் வந்தேன்.

வீங்கின பற்றரி எந்தப் பெட்டிக்கும் போகாது.
அதற்கு செம்ஹார் வருவாள்.
பச்சைப்பிள்ளையைப்போல் இரண்டு கையிலும் ஏந்தி
மணல் வாளிவரைக்கும் நடப்பாள்.
அவ்வளவு நேரமும்
ஒருவரும் இருமக்கூட மாட்டோம்.

ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் எண்ணிக்கைக் கணக்கு.
வந்தது நாற்பத்தொன்று என்றால்
துளை விழுந்ததும் நாற்பத்தொன்று.
ஊர்ஸ் கையெழுத்து வைப்பார், நானும் வைப்பேன்.
வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்:
இங்கே பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாதே.
செம்பைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை
ஒரு மடிக்கணினி, பத்து வருஷப் பழசு.
கவிழ்த்தேன்.
அடியில் மஞ்சள் ஒட்டுத்தாள்,
நீல மை, ஆங்கில எழுத்து,
வாசித்தால் தமிழ்:
புளியங்கொட்டை83.

சிரித்துவிட்டேன்.
கையில் திருகாணி மெஷின்
வெறுங்காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தப் பட்டணத்துத் தமிழ்ச்சனத்தில்
பாதிப் பேரையாவது எனக்குத் தெரியும்.
யார் இந்தப் புளியங்கொட்டை?
கறுப்பாய், மினுமினுப்பாய்
கடைசி வாங்கில் இருந்த பெட்டையா?
அவளை அப்படிக் கூப்பிட்டவனா?
எண்பத்துமூன்று பிறந்த வருஷமா,
இல்லை, மற்ற எண்பத்துமூன்றா?
மற்றதென்றால்
அதை ஒவ்வொரு காலையும் தன் விரலால் அடித்துத்தானா
அந்த ஆள் கதவு திறந்தது?

கேட்க ஏலாது.
கேட்டால், பார்த்தேன் என்றாகும்.

தாள், கிழிக்கிற மெஷினுக்கு.
டிஸ்க், துளை போடுகிற மெஷினுக்கு.
இருபத்தேழாவது, ஊர்ஸ் கோடு போட்டார்.
கருகின வாசம்
எல்லாருடைய டிஸ்க்குக்கும் ஒரேமாதிரி.

வீட்டுக்கு வந்து கைகழுவி, சோறு வைத்து,
வாடகை கட்ட வங்கிப் பக்கத்தைத் திறந்தால்
ஆறு மாதமாகிவிட்டதாம்,
புதுக் கடவுச்சொல் வேண்டுமாம்.
விரல் தன்பாட்டில் போனது.
பீ, யூ, எல், ஐ...
முழுவதும் அடித்தபிறகுதான் கண்டேன்.
சிவப்பில் சொன்னது: பலவீனமானது.

எனக்குக் கோபம் வந்தது.
பத்து வருஷமாக
ஒருவருடைய கடன், காதல், மருந்துச் சீட்டு,
அனுப்பாமல் விட்ட கடிதம் எல்லாவற்றுக்கும்
அந்தச் சொல்தான் வாசலில் காவல் நின்றது.
பலவீனமாம்.
எழுத்தெழுத்தாக அழித்தேன்.
திரையில் அழிந்தது.

செவ்வாய் எங்கள் சலவை முறை.
பத்து மணிக்குப் பிறகு மெஷின் ஓடக்கூடாது,
மாடிக்காரி தும்புத்தடியால் தட்டுவாள்.
ஒன்பதே முக்காலுக்குக் கீழே இறங்கினேன்.
டிக். டிக். டிக்.
வேலைச் சட்டைப் பையிலிருந்து விழுந்து
கண்ணாடிக்குள் சுற்றியபடி
ஒரு திருகாணி, அரிசியளவு.

துடைத்துக் கடதாசியில் சுற்றி
நாளைய சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வீட்டுக்குக் கொண்டுவந்ததில்
இதையாவது திருப்பிக் கொடுக்கலாம்.
இரும்பு.
மூன்றாம் பெட்டி.